கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகும் வலிக்கிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"ஆபரேஷன் செய்தும் கழுத்து வலிக்கிறது, எல்லாம் வீண்" என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. கழுத்தெலும்பு ஆபரேஷன்களில் பெரும்பாலானவை கைக்கு இறங்கும் நரம்பு வலிக்காகவோ, தண்டுவடம் நசுங்குவதைத் தடுக்கவோ செய்யப்படுபவை. கைவலி விட்டுப்போய்க் கழுத்து மட்டும் வலித்தால், அந்த வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

காரணத்தைத் தேட நாளும் மாதமும்தான் வழிகாட்டும். வலி எப்போது தொடங்கியது என்று பலர் குறித்து வைப்பதே இல்லை. தயவுசெய்து குறித்து வையுங்கள். பின்பக்கமாக ஆபரேஷன் செய்தால் தசைகளை எலும்பிலிருந்து பிரித்து விலக்க வேண்டியிருக்கும். அந்த வலி சில வாரங்கள் இருக்கும். முன்பக்கமாகச் செய்து, டிஸ்க் (இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) இருந்த இடத்தில், மேலும் கீழும் உள்ள எலும்புகள் ஒன்றாகச் சேர்வதற்காக எலும்புத் துண்டையோ கூண்டு போன்ற சிறு தாங்கியையோ பொருத்தும்போது, பின்னாலுள்ள சிறு மூட்டுகள் இழுபடும். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். பயம் வேண்டாம், பொதுவாக மெல்லத் தணியும்.

சில மாதம் நன்றாக இருந்துவிட்டு, அசைத்தால் வலி திரும்புகிறதா? இப்படி இணைத்த எலும்புகள் ஒன்றுசேராமல் இருக்கலாம், அவற்றைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். எலும்பு சேர 3 முதல் 12 மாதம் வரை ஆகும். அந்தக் காலத்தில் புகைபிடிப்பது எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. நிகோடின் எலும்பு சேர்வதைக் கெடுக்கிறது. வலி மாத்திரைகளிலும் சில வகைகள் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். சில ஆண்டுகள் கழித்து வரும் வலி என்றால், இணைத்த எலும்புக்கு மேலேயோ கீழேயோ உள்ள டிஸ்க் தேய்ந்திருக்கலாம்.

கழுத்துப் பட்டையான காலரைக் கழற்றப் பயந்து சொன்ன நாளுக்கு மேலும் மாட்டிக்கொண்டிருந்தால் தசை பலவீனமாகி, அதுவே வலியாகும். குனிந்தபடி மணிக்கணக்கில் மொபைல் பார்ப்பதும் அப்படித்தான்.

"அடுத்த செக்கப்பில் சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு: காய்ச்சல், தையலில் சீழ் அல்லது தெளிந்த நீர் கசிவு, கை கால் புதிதாகப் பலமிழப்பது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது. முன்பக்க ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால், உள்ளே ரத்தம் தேங்கி மூச்சுக்குழாயை அழுத்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.