சிங்கப்பூர் டிரான்ஸ்ஃபர்: தலையாட்டும் முன்பு ஜூனியர் பேங்கர் கேட்க மறப்பவை

மும்பையில் இன்வெஸ்ட்மென்ட் பேங்க் ஒன்றில் அனலிஸ்ட் என்ற தொடக்கப் பதவியில் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்களில் பலருக்கு அடுத்த குறி சிங்கப்பூர். சம்பளம் டாலரில், சென்னைக்கு நாலு மணி நேர விமானம், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோசை. டீமைப் பார்க்கும் மூத்த பேங்கரான எம்.டி. ஒருநாள் லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி, "அங்கே ஆள் கேட்கிறார்கள், போகிறாயா?" என்றதும் தலை தானாக ஆடிவிடும். எனக்கும் ஆடியது.

அப்போது நான் கேட்காமல் விட்டது, இது செகண்ட்மென்ட்டா, டிரான்ஸ்ஃபரா என்பதை. செகண்ட்மென்ட் என்றால் இந்திய வேலை அப்படியே இருக்கும், திரும்பி வர வழி உண்டு. டிரான்ஸ்ஃபர் என்றால் பெரும்பாலும் காகிதத்தில் இங்கே ராஜினாமா, அங்கே புது ஒப்பந்தம். கிரேடையும் சேர்த்துக் கேளுங்கள். இங்கே மூன்றாம் வருட அனலிஸ்ட் அங்கே இரண்டாம் வருடமாக உட்காரவைக்கப்படுவது சகஜம். வாய்ப்பேச்சு வேண்டாம், மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது போனஸ். ஜூனியர்கள் அதிகம் இழப்பது இதில்தான். நான் அக்டோபரில் மாறினேன். டிசம்பரில் போனஸுக்காக ஆட்களைத் தரம்பிரிக்கும் ரேங்கிங் நடந்தபோது மும்பை, "அவர் இப்போது உங்கள் ஆள்" என்றது. சிங்கப்பூர், "வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, என்னவென்று சொல்வது?" என்றது. இரண்டு பக்கமும் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த அறையில் எனக்காக வாதாட ஒருவரும் இல்லை, ஒன்பது மாதம் மும்பையில் விழித்த இரவுகளுக்கு நடுத்தர ரேங்க்தான் மிஞ்சியது. முடிந்தால் போனஸ் கைக்கு வந்த பிறகு மாறுங்கள். முடியாவிட்டால், எந்த ஆபீஸ், எந்த நாணயத்தில், எத்தனை மாதத்துக்குக் கொடுக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். இதைக் கேட்டதற்காக டிரான்ஸ்ஃபர் ரத்தாகி நான் பார்த்ததில்லை.

கிளம்பும் தேதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், வரிச் சட்டத்தின்படி இந்தியவாசிதான். சிங்கப்பூர் சம்பளமும் இந்தியக் கணக்குக்குள் வந்துவிடும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே விகிதம் குறைவு என்பதால் மிச்சத்தை இங்கே கட்ட வேண்டியிருக்கும். செப்டம்பர் 20-ல் விமானம் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1 முதல் அதுவரை 173 நாள். தப்பித்தோம் என்று நினைத்து, தீபாவளிக்குப் பத்து நாள் வீட்டுக்கு வந்தால் 183. அம்மா சுட்ட அதிரசத்துக்கு அவ்வளவு விலை கொடுத்தவரை எனக்குத் தெரியும். போனஸை வாங்கிக்கொண்டு ஏப்ரல், மே வாக்கில் கிளம்பினால் இந்த இரண்டு தலைவலியும் இருக்காது.

சிங்கப்பூரில் மாதாமாதம் வரி பிடிக்கமாட்டார்கள். சம்பளம் முழுசாக விழும், வரி நோட்டீஸ் அடுத்த வருடம்தான் வரும். முதல் வருடம் கிடைத்ததை எல்லாம் காண்டோ அடுக்குமாடி வாடகைக்கும் பாலி டிரிப்புக்கும் விட்டவர்கள் அந்த நோட்டீஸைப் பார்த்து விழிப்பார்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஜைரோ வழியாக 12 தவணையில், வட்டி இல்லாமல் கட்டலாம் என்பது ஆறுதல். ஆனால் வேலையை விட்டால், வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் பிடித்துவைக்கும்.

வீட்டு ஒப்பந்தத்தில் 'டிப்ளமாட்டிக் கிளாஸ்' இருக்கிறதா பாருங்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில், வேலை போய் நாட்டை விட வேண்டி வந்தால், வழக்கமாக 12 மாதத்துக்குப் பின் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேற வழி தருவது அதுதான். அங்கே வேலை பார்க்க அனுமதி தரும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அந்த ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. ரத்தானால் பொதுவாக 30 நாள் அவகாசம் தருவார்கள், அவ்வளவுதான். பாஸுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் வரும் முன் மும்பை வீட்டைக் காலி செய்யாதீர்கள். அப்புறம், இந்திய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவதையும் மறக்க வேண்டாம்.

வேலையில் ஒரு பொறி இருக்கிறது, அது பார்க்க மரியாதை மாதிரியே இருக்கும். இந்திய டீல் எது வந்தாலும் உங்களைக் கூப்பிடுவார்கள்: "உனக்குத்தான் அந்த மார்க்கெட் தெரியுமே." முதல் மாதம் பெருமையாக இருக்கும். ஆறாவது மாதம் நீங்கள் மும்பை டீம் வாடிக்கையாளருக்குக் காட்டும் பிட்ச் புக்கையே சிங்கப்பூரில் உட்கார்ந்து செய்துகொண்டிருப்பீர்கள், இரண்டரை மணி நேர வித்தியாசத்தோடு. அவர்கள் நள்ளிரவு 12-க்கு கமென்ட்ஸ் அனுப்பினால் உங்களுக்கு 2:30. அங்கே பக்கத்து மேஜைக்காரர்கள் இந்தோனேசியாவும் வியட்நாமும் கற்றுக்கொண்டிருப்பார்கள். அடுத்த புரமோஷன் பேச்சு வரும்போது நீங்கள் 'இந்தியா ஆள்'. அதனால் சேர்ந்த இரண்டாவது வாரமே யாருக்கு எந்த டீல் என்று பிரித்துக் கொடுக்கும் ஸ்டாஃபரிடம் போய், இந்தியா அல்லாத டீல் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்தது ஜகார்த்தா சிமென்ட் கம்பெனி ஒன்று. எக்செல் மாடலில் ரூபாயை அழித்துவிட்டு இந்தோனேசிய ரூப்பியா போட்டபோது நெடுவரிசையில் பூஜ்யங்கள் அடங்கவே இல்லை.