வால்வு ரேடியோவுக்கு வீட்டிலேயே பாகம் செய்கிறீர்களா?

காயலான் கடையிலிருந்து மீட்டு வரும் வால்வு ரேடியோவில் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய பெட்டி) பெரும்பாலும் ஒரு நாப்பாவது, அதாவது திருகும் குமிழாவது, காணாமல் போயிருக்கும். மிச்சமிருப்பதை வைத்து அச்செடுத்து வார்த்துவிடலாம் என்று இறங்குவோம். முதல் சேதம் கழற்றும்போதே நடக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பேக்கலைட் என்ற அந்தப் பழைய பிளாஸ்டிக்கின் விளிம்பு சில்லுசில்லாகத் தெறிக்கும். பக்கவாட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, நாப்புக்குப் பின்னால் துணி நாடாவைச் சுற்றி, இரு முனையையும் சேர்த்து நேராக இழுங்கள்.

அழுக்கோடு அச்சில் வைக்காதீர்கள். அச்செடுக்கும் சிலிகான் ரப்பர் கைரேகையைக்கூட விடாது. பழைய கீறல் புது நாப்பிலும் வந்து நிற்கும். வார்க்கும் எபாக்ஸி பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கண்ணளவில் கலந்தால் நாப் கடைசிவரை பிசுபிசுக்கும். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகுவதால் காற்றுக் குமிழிகள் உள்ளேயே தங்கிவிடும். காலையில் வார்ப்பது நல்லது.

நாப்பின் துளையையும் அளந்து பாருங்கள். பிரிட்டிஷ் பெட்டிகளில் நாப் மாட்டும் தண்டு, அதாவது ஷாஃப்ட், பொதுவாகக் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; ஐரோப்பியப் பெட்டிகளில் 6 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கைக்கு ஆட்டம் தெரியும்.

இதுவரை சொன்னதில் கெட்டுப்போவது அழகு மட்டும். ஏசி, டிசி இரண்டு மின்சாரத்திலும் ஓடும் பெட்டியில் உயிரே போகலாம். யூஎல்41, யூஒய்41 மாதிரி 'யூ'வில் தொடங்கும் வால்வுகளைப் பார்த்தால் உஷாராகுங்கள். இந்தப் பெட்டிகளில் சேஸிஸ், அதாவது உள்ளிருக்கும் உலோகச் சட்டம், நேரடியாக மின்இணைப்பின் ஒரு கம்பியில் இருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸில் 230 வோல்ட். ஷாஃப்டும் ஸ்க்ரூவும் அதோடு தொடர்புள்ளவை. அதனால்தான் அந்தக் காலத்தில் ஸ்க்ரூவை ஆழமாக இறக்கி மேலே மெழுகு அடைத்தார்கள். நாமோ தலை துருத்தும் பித்தளை ஸ்க்ரூவைப் போட்டுவிட்டு, பளபளப்பைப் பார்த்து மகிழ்கிறோம்! குட்டையான தலையில்லா ஸ்க்ரூ போட்டு, மெழுகால் மூடுங்கள்.

பின்மூடிக்கும் இதே கதைதான். இரும்பு வலை அடிக்கக் கூடாது. துளையில்லாத பிளைவுட்டும் சரிப்படாது, வால்வின் சூடு வெளியேற வழி வேண்டும். துளையிட்ட ஹார்ட்போர்டு போதும். 3டி பிரின்ட் ஆசை இருந்தால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை வேண்டாம். அது 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும்.

நிலையம் காட்டும் முள்ளை நகர்த்தும் டயல் கயிறுக்குத் தூண்டில் நரம்பைக் கட்டாதீர்கள், வழுக்கும். பழைய கயிறு எத்தனை சுற்று என்பதை அறுக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். டயல் கண்ணாடியையும் தொடுவதற்கு முன்பே ஸ்கேன் செய்துவிடுங்கள். பின்பக்க எழுத்து ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். ஈரப் பஞ்சின் ஒரே இழுப்பில் சிலோன், டெல்லி என்ற நிலையப் பெயர்களைத் துடைத்தெறிந்தவன் நான்.