தாலி கட்டும் நேரத்தில் கேமரா எந்த செட்டிங்கில் இருக்க வேண்டும்?

சித்தப்பா மகன் கல்யாணத்தில்தான் முதன்முதலாக கேமராவோடு மணவறைப் பக்கம் நின்றேன். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா படத்தை எவ்வளவு வெளிச்சமாக்கிக் காட்டும் என்ற எண்ணை, ஏற்றினால் படத்தில் புள்ளி விழும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக நம்பி, 400-ஐத் தாண்டவே இல்லை. வெளிச்சம் போதாமல் ஷட்டரை மெதுவாக வைக்க வேண்டியதாயிற்று. கெட்டிமேளம் கொட்டியது, அண்ணன் தாலி கட்டினார், நான் பதினைந்து படம் எடுத்தேன். பதினைந்திலும் அவர் கை புகை மாதிரி கலைந்திருந்தது. நல்லவேளை, காசு கொடுத்துக் கூப்பிட்ட போட்டோகிராபர் ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் வைக்கலாம். ஷேக் ஆன படத்தை எதுவும் செய்ய முடியாது. அதனால் நான் செட்டிங் வைக்கும் வரிசை இது: முதலில் ஷட்டர், அப்புறம் அப்பர்ச்சர், கடைசியில் ஐஎஸ்ஓ. டயலை எம் எழுத்துக்கு (மூன்றையும் நாமே வைக்கும் மேனுவல் முறை) திருப்பிக்கொள்ளுங்கள், தொடங்கலாம்.

படி 1: ஷட்டர் ஸ்பீடு

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதே இது; 1/125 என்றால் ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு. எதிரே இருப்பவர் எவ்வளவு அசைகிறார் என்று மட்டும் பாருங்கள். மேடையில் நின்று சிரிப்பவர்களுக்கு 1/125 போதும். தாலி முடிச்சு போடும் விரலுக்கு 1/250. மாமன்மார் தோளில் தூக்கிக்கொண்டு ஆட, மாலை மாற்றும் கூத்துக்கும், பறக்கும் அட்சதைக்கும் 1/500.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் சில மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழும். அப்படி விழுந்தால் 1/100-க்கு இறங்கி, அசைவு குறையும் நொடிக்குக் காத்திருங்கள். கேமராவில் ஃப்ளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

ஃப்ளாஷ் மாட்டியிருந்தால் 1/200-க்கு மேல் போக வேண்டாம். பல கேமராக்களில் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

படி 2: அப்பர்ச்சர்

அப்பர்ச்சர் என்பது லென்ஸின் திறப்பு, அதைச் சொல்வது எஃப் எண். இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், வெளிச்சம் கூடும், பின்னணி மங்கும். புதிதாக 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கியவர்கள் எல்லாவற்றையும் 1.8-லேயே எடுப்பார்கள். நானும் எடுத்தேன். பொண்ணு முகம் பளிச்சென்று இருக்கும், அரை அடி பின்னால் உட்கார்ந்த மாப்பிள்ளை மங்கிப்போவார். அந்தப் படத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டிப் பாருங்கள்! ஒருவர் மட்டும் என்றால் 2, இருவர் என்றால் 2.8 அல்லது 4, சொந்தக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்றால் 5.6.

படி 3: ஐஎஸ்ஓ

இப்போது திரையைப் பார்த்து, வெளிச்சம் போதும் வரை ஏற்றுங்கள். கணக்கு சுலபம்: ஐஎஸ்ஓ இரட்டிப்பானால் வெளிச்சமும் இரட்டிப்பு. 1/125-இல் 1600 வைத்த இடத்தில் 1/250 வேண்டுமென்றால் 3200. மண்டபத்துக்குள் 1600-இலிருந்து 6400 வரை பயமில்லாமல் போகலாம்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6-க்குக் கீழே இறங்காது. எஃப் 2-இல் 1600 போதுமான இடத்தில் இதற்கு 12800 கேட்கும். அந்த லென்ஸ்தான் கையில் என்றால் ஜூம் பண்ணாமல் கிட்டே போய் எடுங்கள்.

படி 4: வேட்டியும் நிறமும்

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளை வேட்டி சட்டை என்றால் ஏமாந்து இருட்டாகக் காட்டும். அப்போது மீட்டர் முள் ஒரு கோடு ப்ளஸ் பக்கம் நிற்கட்டும். அதிகமாகிவிட்டதா என்று பார்க்க, வெளுத்த இடங்கள் கண்சிமிட்டும் எச்சரிக்கையை ஆன் செய்யுங்கள். வேட்டியும் ஜரிகையும்தான் முதலில் சிமிட்டும்.

விளக்கின் நிறத்துக்கு ஏற்ப படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கட்டும், ஆனால் ஃபைல் ரா-வாக (கேமரா பதிவு செய்ததை மாற்றாமல் வைக்கும் வகை) இருக்கட்டும். மஞ்சள் சீரியல் விளக்கு ஒரு பக்கம், வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு இன்னொரு பக்கம் என்று முகம் இரண்டு நிறமாகும்போது, வீட்டுக்கு வந்து சரிசெய்ய ரா-வில்தான் இடம் அதிகம்.

ஃபோகஸ் புள்ளியை எதிரே இருப்பவரின் கண்ணில் வையுங்கள், கேமராவை அசைபவரை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வையுங்கள். அவ்வளவுதான்.

செட்டிங் சரியாக இருந்தும் படம் கிடைக்காமல் போவது நாத்தனாரால்! மீதி முடிச்சு போட அவர் குனிந்தால் உங்களுக்கு முதுகுதான் தெரியும். அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று முன்பே கேட்டுக்கொண்டு எதிர்ப் பக்கம் போய்விடுங்கள்.

பழகுவதற்குக் கல்யாணம் தேவையில்லை. இரவில் டியூப்லைட்டுக்குக் கீழே அம்மாவோ பாட்டியோ பூத்தொடுக்கும்போது எதிரே உட்காருங்கள். 1/30, 1/60, 1/125, 1/250 என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கி எடுங்கள். பிறகு படங்களைப் பெரிதாக்கி, நாருக்கும் பூவுக்கும் நடுவே விரல் எந்த ஸ்பீடில் தெளிகிறது என்று பாருங்கள்.