கழற்ற வராத சைக்கிள் பெடல்

இடது பெடல் அசையவே மாட்டேன் என்கிறதா? பெரும்பாலும் துரு காரணமாக இருக்காது, நாம் திருப்பும் திசைதான் தப்பு. வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடதுக்குத் தலைகீழ் மரை. தெரியாமல் அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்தவன் நான்.

ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின் சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். எந்தப் பெடலானாலும் கழலும். பெரும்பாலானவற்றுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் போதும். நீளமான பிடி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்படியும் வரவில்லையா? பெடல் அச்சு கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) நுழையும் இடத்தில், முன்னும் பின்னும், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிவிட்டு முயலுங்கள். மரை 'டக்'கென்று விடும்போது கை நேராகப் பற்களில்தான் போய் மோதும். என் விரல் முட்டியில் தழும்பே இருக்கிறது.

திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். அலுமினிய கிராங்க் என்றால் மரை சட்டென்று வழுக்கிவிடும்.