ரிவர்ஸ் சென்சர் கத்தினால்: மலையகத்து ரோட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலத்தில் என் ஜீப்பில் ரிவர்ஸ் கியர் போட்டால், பின்னால் தடை இருந்தால் எச்சரிக்கும் சென்சரிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வரும், அப்புறம் ஒன்றும் கேட்காது. பின்னால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையின்) முற்றம் காலியாகத்தான் கிடந்தது. மச்சான் இறங்கிப் பார்த்துவிட்டு, "சென்சர் போயிருச்சு, மாத்திருவோம்" என்றான். கராஜிலும் அதையே சொன்னார்கள். பின்பக்கம் இருந்த நான்கையும் மாற்றினோம். பணம் போனது, சத்தம் போகவில்லை. பிறகு வேறொருவர் பம்பரைக் கழற்றியபோதுதான் தெரிந்தது: உள்ளே ஓடும் வயரை எலி கடித்திருந்தது. கழற்றி வீசிய நான்கும் நல்ல சென்சர்கள்.

அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று நாங்கள் கேட்கவே இல்லை. முதல் தவறு அதுதான். கியர் போட்டவுடன் சில விநாடிகள் நீளமாக ஒலித்து அடங்கினால், பல வாகனங்களில் அதற்கு "எனக்குள்ளேயே கோளாறு" என்று அர்த்தம். மின்சாரம், வயர், கனெக்டர் பக்கம் தேட வேண்டும். பின்னால் ஒன்றும் இல்லாமலே விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தால் கதை வேறு. சென்சர் வேலை செய்கிறது, அதன் முகத்தில் எதுவோ ஒட்டியிருக்கிறது, இல்லையென்றால் அது பார்க்கக் கூடாத இடத்தைப் பார்க்கிறது.

பம்பரில் தெரியும் அந்த வட்டம் ஒரு மெல்லிய தகடு. நம் காதுக்கு எட்டாத, ஏறத்தாழ 40 கிலோஹேர்ட்ஸும் அதற்கு மேலுமான ஒலியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்குப் பார்க்கிறது. ஒரு மீற்றர் தூரத்தில் சுவர் இருந்தால் ஒலி போய்வர சுமார் 6 மில்லிவிநாடிதான் ஆகும். அந்தத் தகட்டில் சேறு காய்ந்து இறுகினால், அதன் அதிர்வே மாறிவிடும். வட்டவளைப் பக்கத்து மழையில் தோட்டத்து ரோட்டில் ஒரு தரம் ஏறி இறங்கிய வாகனத்தைக் கிட்ட இருந்து பாருங்கள். செம்மண் ஒரு தோல் போலப் படிந்திருக்கும், அதற்குள் ஒரு தேயிலைச் சருகும் சிக்கியிருக்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி படிந்தாலும் இதே தொல்லைதான். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும் என்பது என் அனுபவம். நகத்தால் சுரண்டாதீர்கள்.

துடைப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீர்க் குழாயைச் சென்சருக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடிக்கிறார்கள். வேகமான தண்ணீர் ரப்பர் விளிம்பைத் தாண்டி உள்ளே போகும், கனெக்டரின் பின்கள் பச்சை பிடிக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கோளாறு வரும்போது அந்தக் கழுவலை யாரும் நினைக்க மாட்டார்கள். குழாயைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சில நேரம் பழுதே இருக்காது. முற்றம் சமமாக இருந்து பின்னால் திடீரென்று ஏற்றம் தொடங்கினால், சென்சர் ரோட்டையே சுவராக எடுத்துக்கொள்ளும். பின்னால் லீக்ஸ், கரட் மூட்டைகளை ஏற்றினால் வாகனத்தின் பின்பக்கம் அமுங்கி, சென்சர் தரையைப் பார்க்கத் தொடங்கும். பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பஸ் எயார் பிரேக்கை விடும்போது வரும் "புஸ்" சத்தத்திலும் இதே வகை ஒலி கலந்திருக்கிறது, அதைக் கேட்டும் உளறும். இதற்கெல்லாம் கராஜுக்குப் போகத் தேவையில்லை. வாகனத்தோடு வராமல் பிறகு வெளியில் வாங்கிப் பூட்டிய செட் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அந்தச் சென்சர்களின் முதுகில் மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். தலைகீழாகப் பூட்டியிருந்தால் வாழ்நாள் முழுக்க நிலத்தைப் பார்த்துத்தான் கத்தும்.

சரி, எது பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காதால்தான். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, நான்கு டயருக்கும் கல் அண்டக் கொடுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை ஒன் நிலைக்கு மட்டும் திருப்பி, ரிவர்ஸ் போட்டு, நம்பிக்கையான ஒருவரைப் பிரேக்கில் கால் வைத்து உட்கார வையுங்கள். சில வாகனங்களில் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் சென்சர் ஓய்ந்துவிடும், அதையும் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது பம்பர் பக்கம் குனிந்து ஒவ்வொரு சென்சரிடமும் காதைக் கொண்டுபோங்கள். உயிரோடு இருப்பது கைக்கடிகாரம் மாதிரி "டிக் டிக் டிக்" என்னும். விரல் நுனியை லேசாக வைத்தால் எறும்பு ஊர்வதுபோல ஒரு துடிப்பு தெரியும். சத்தமே இல்லாததைக் குறித்துக்கொண்டு, அதையும் பக்கத்துச் சென்சரையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். பழுது கூடவே நகர்ந்தால் சென்சர் போய்விட்டது. பழைய இடத்திலேயே நின்றால் வயர் அல்லது கனெக்டர். இந்த அரை மணி நேர வேலையை அன்று நாங்கள் செய்திருந்தால் நான்கு சென்சரின் விலை கையில் இருந்திருக்கும். கராஜில் ஸ்கேனர் இருந்தால் எந்த மூலை என்று அதுவே காட்டிவிடும். முதலில் ஸ்கேன் பண்ணச் சொல்லிக் கேளுங்கள், பிறகு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகமாக வாங்குவதில் தப்பில்லை. ஆனால் வட்டம் ஒன்றுபோல இருப்பதை நம்பி வாங்காதீர்கள். முதுகில் இருக்கும் பாக எண் பொருந்த வேண்டும். நிறம் ஒத்துப்போகவில்லை என்று தடிப்பாகப் பெயின்ட் அடித்தால் அதன் காதை நீங்களே அடைத்த மாதிரி. மெல்லிய ஒரு பூச்சு போதும்.

இனி சென்சரை நிறுத்திவைப்பது பற்றி. கோளாறான சென்சரைத் தற்காலிகமாக நிறுத்துவது சில வேளை அவசியம். முக்கியமாக, சென்சர் சொன்னால் தானே பிரேக் போடும் வாகனம் என்றால், ஏற்றத்தில் பின்னால் எடுக்கும்போது பொய்யான எச்சரிக்கைக்குச் சட்டென்று ரோட்டின் நடுவிலேயே நின்றுவிடும், அந்த வழியாக வருகிற த்ரீவீலர்காரருக்கு அது ஆபத்து. P எழுத்தும் அலைக் கோடுகளும் போட்ட சுவிட்ச் இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லாவிட்டால் செட்டிங்ஸில் தேடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த வாகனத்தில் எழுத்து புரியாவிட்டால், திரையைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தால் "சோனார்" என்ற சொல் அகப்படும். பிறகு பூட்டிய செட் என்றால், டிக்கியின் உள்பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியின் பவர் வயரைக் கழற்றினால் போதும்.

டேப் ஒட்டாதீர்கள், டேப்பையே தடையென்று எடுத்துக்கொண்டு இன்னும் கத்தும். வயரை வெட்டவும் வேண்டாம், ஒன்றை வெட்டினால் பல வாகனங்களில் பின்வரிசை முழுவதும் ஊமையாகிவிடும். பியூஸைப் பிடுங்குவதும் அப்படித்தான், அதே பியூஸில் கமராவோ வேறு எதுவுமோ இருக்கலாம். நிறுத்தினால் வீட்டில் அந்த வாகனத்தை ஓட்டுகிற எல்லாருக்கும் சொல்லுங்கள், ஸ்டீயரிங் பக்கம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினாலும் நல்லது. சில வாகனங்களில் மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது அது தானாகவே இயங்கத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது இன்னொரு தவறு. புத்தம் புதிய, பழுதே இல்லாத சென்சரை வைத்துக்கொண்டும் அது நடக்கும். எதிரொலி திரும்பினால்தான் சென்சருக்குத் தெரியும். பள்ளத்திலிருந்து எதிரொலி வராது. ரோட்டோரக் கான் (தண்ணீர் ஓடும் வடிகால்), தேயிலைச் சரிவின் விளிம்பு, மழையில் கரைந்துபோன மண்திட்டு எதையும் அது சொல்லாது, அமைதியாகவே இருக்கும். அந்த அமைதியை "இடம் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு பின்னால் எடுத்த வாகனங்களின் பின்சக்கரம் கானுக்குள் தொங்குவதை நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறோம். பம்பருக்குக் கீழே குனிந்து விளையாடும் குழந்தையும் அதன் பார்வைக்குத் தப்பலாம். லயத்து முற்றத்தில் குழந்தைகள் இல்லாத நேரம் எது?

அதனால் முற்றத்திலும் விளிம்பிலும் நான் இப்போது ஒரு ஆளை இறக்கிவிட்டுத்தான் பின்னால் எடுக்கிறேன். அவர் வாகனத்துக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, பக்கக் கண்ணாடியில் எனக்குத் தெரிய வேண்டும். "வா, வா" என்று சொல்லிக்கொண்டே வந்து, போதும் என்றால் வாகனத்தின் உடம்பில் இரண்டு தட்டு. கண்ணாடியில் ஆள் மறைந்தால் அந்த இடத்திலேயே பிரேக்.