17 நிமிட டிலேக்கு இரண்டு ஐசி போதும்

நீண்ட டிலே துல்லியமாக வேண்டுமென்றால் 555 டைமர் ஐசியையும் பெரிய கெபாசிட்டரையும் விட்டுவிடுங்கள். சிடி4060 (ஆஸிலேட்டரும் எண்ணியும் சேர்ந்த ஐசி) உடன் 32.768 கிலோஹெர்ட்ஸ் வாட்ச் கிரிஸ்டலைப் போட்டு, 3-ம் பின்னில் அரை நொடிக்கு ஒன்றாக வரும் துடிப்பை 10 கே ரெசிஸ்டர் வழியாக சிடி4040 என்ற எண்ணி ஐசியின் 10-ம் பின்னுக்கு (துடிப்பு உள்ளே போகும் பின்) கொடுங்கள். எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் வைக்கும் ரீசெட்டை விட்டதும் 1024 நொடி (சுமார் 17 நிமிடம்) கழித்து 4040-இன் 1-ம் பின் ஹையாகும் (அதன் வோல்டேஜ் ஏறும்). அந்தப் பின்னிலிருந்து 10-ம் பின்னுக்கு ஒரு டயோடு (ஆனோடு 1-ம் பின் பக்கம்) போட்டால் எண்ணிக்கை அங்கேயே நிற்கும்.

எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் மதிப்பு 20 சதவீதம் வரை முன்பின் இருக்கும், லீக்கேஜ் (மின்கசிவு) வேறு. இங்கே நேரத்தைத் தீர்மானிப்பது கிரிஸ்டல். மீதி வெறும் எண்ணிக்கைதான்.

முக்கியமாக, 4040-ஐ மட்டும் ரீசெட் செய்யுங்கள். 4060-ஐயும் ரீசெட் செய்தால் ஆஸிலேட்டரே நின்றுவிடும், கிரிஸ்டல் மறுபடி துடிக்கத் தொடங்க நேரமெடுக்கும்.

4060 ஓடிக்கொண்டே இருப்பதால் தொடக்கத்தில் அரை நொடி வரை குறையலாம். ஆகவே மில்லிசெகண்ட் டிலேக்கு இது உதவாது. நேரத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தால் சின்ன மைக்ரோகண்ட்ரோலரே மேல்.