ஒரு சிலிண்டரில் மட்டும் தண்ணீரா?

பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் சொட்டுகிறதா? முதலில் கார்புரேட்டர் கிண்ணத்தை, அதாவது அதன் அடியில் பெட்ரோல் தேங்கும் பகுதியை, திறந்து பாருங்கள். அங்கேயும் தண்ணீர் இருந்தால் பெட்ரோல் டாங்கைத்தான் கவனிக்க வேண்டும். எஞ்சினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்.

கிண்ணம் சுத்தம், ஒரு சிலிண்டர் மட்டும் நனைந்திருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) மேல்தான் சந்தேகம். சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். பிஸ்டன் தலை கரியே இல்லாமல் கழுவிவிட்டதுபோல இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. கேஸ்கெட் நன்றாக இருக்கிறதா? புகை வெளியேறும் பாதையை மூடும் எக்ஸாஸ்ட் கவர் பக்கம் கசிவு இருக்கிறதா பாருங்கள், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், உப்புத் தண்ணீர் என்றால் அன்றே பிளக் ஒயரை எர்த் செய்து (எஞ்சின் உலோகத்தோடு இணைத்து), பிளக் இல்லாமல் கயிற்றை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, கொஞ்சம் ஆயில் விட்டுச் சுற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பேரிங் துருப்பிடித்துவிடும்.